மின்னலை முப்பரிமாணத்தில் பிடிக்க இரண்டு கேமரா போதும்

மின்னல் படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அது தட்டையான படம்தான். கருத்த வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு மேகத்திலிருந்து நேராக இறங்கியதா, நம்மை நோக்கிச் சாய்ந்து வந்ததா, இல்லை அந்தப் பக்கமாக விலகிப் போனதா என்று ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது போலத் தெரியும் இரண்டு கிளைகளுக்கு நடுவே நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் இருக்கலாம். மின்னல் செங்குத்தாக மட்டும் ஓடும் சமாச்சாரம் அல்ல, மேகத்துக்குள் படுத்தவாக்கில் வெகுதூரம் ஓடும். 2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் பதிவான ஒரே ஒரு மின்னல் 829 கி.மீ. நீண்டிருந்தது என்று உலக வானிலை அமைப்பு 2025இல் உறுதிப்படுத்தியது. இவ்வளவு ஆழமும் அகலமும் உள்ள ஒன்றை நாம் கோடாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

இரண்டு கேமராக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரே மின்னலை இரண்டு இடத்திலிருந்து எடுத்து, இடது கண்ணுக்கு ஒன்று வலது கண்ணுக்கு ஒன்று என்று பார்த்தால் அது கோடாக இருப்பதை நிறுத்திவிடும். ஒரு கிளை நம் பக்கம் நீளும், இன்னொன்று மழைத்திரைக்குப் பின்னால் போய் மறையும். இதைச் செய்ய நினைக்கும் பலரும் முதலில் பயப்படுவது, இரண்டு கேமராவும் ஒரே நொடியில் எப்படி இயங்கும் என்பதற்குத்தான். அது உண்மையில் பிரச்சினையே இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நேரக் கதையைச் சீக்கிரம் முடித்துவிட்டு இடைவெளிக்குப் போகலாம்.

நேரம் தானாகவே ஒத்துப்போகும்

இரவில், ஷட்டரை 10 நொடி திறந்து வைத்திருக்கிறீர்கள். இருட்டில் படத்தில் பெரிதாக ஒன்றும் பதியாது. அந்த 10 நொடிக்குள் எப்போதோ மின்னல் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் பளிச்சென்று ஒளிர்வது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து வெட்டுவது வழக்கம். அதனால்தான் மின்னல் கண்ணுக்குத் துடிப்பது போலத் தெரிகிறது. அந்த மொத்தத் துடிப்பும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு ஷட்டரும் திறந்திருந்தால் போதும். எந்த ஷட்டர் முதலில் திறந்தது, எது பின்னால் மூடியது என்பதெல்லாம் படத்தில் தெரியவே தெரியாது. மேகங்கள் நகர்ந்தாலும் பரவாயில்லை, அவற்றை வெளிச்சம் போட்டுக் காட்டுவதும் அதே மின்னல்தான் என்பதால் இரண்டு படத்திலும் ஒரே நிலையில் பதியும்.

ஆகவே இரண்டு கேமராவிலும் இன்டர்வலோமீட்டர் (இடைவிட்டு இடைவிட்டுத் தானாகப் படம் எடுக்க வைக்கும் கருவி) போட்டு, ஒரே அளவு எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஒரே அளவு இடைவேளை வைத்து, போனில் பேசிக்கொண்டே ‘சரி, இப்போ’ என்று இருவரும் ஒரே சமயத்தில் தொடங்கினால் வேலை முடிந்தது. ஒரு நொடி முன்பின் ஆனாலும் 10 நொடியில் 9 நொடி இரண்டுக்கும் பொதுவாகக் கிடைக்கும். நேரம் போகப் போக இரண்டும் கொஞ்சம் விலகும், இடி கேட்காத வரை அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் 10 நொடி படம் எடுத்த பிறகு இன்னொரு 10 நொடி கேமரா கண்ணை மூடிக்கொண்டு கருப்புப் படம் ஒன்று எடுக்கும். பாதி மின்னல் அதிலேயே போய்விடும்.

எவ்வளவு தள்ளி வைப்பது

நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 செ.மீ. இருக்கிறது. கைக்கெட்டும் பொருள்களுக்கு அது போதும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

36 மி.மீ. அகல சென்சார், படத்தின் அகலம் 6000 பிக்சல், லென்ஸின் குவிநீளம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 36ஆல் வகுத்து 6000ஆல் பெருக்கினால் 4000 வரும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை கூடவே வரும். ஒரு புள்ளி இடது படத்தில் இருக்கும் இடத்துக்கும் வலது படத்தில் இருக்கும் இடத்துக்கும் உள்ள விலகல் எவ்வளவு பிக்சல் என்றால், 4000ஐக் கேமராக்களின் இடைவெளியால் பெருக்கி, மின்னல் இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். மின்னல் 5 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, கேமராக்களைக் கண் அளவுக்கு, 6.5 செ.மீ. தள்ளி வைத்தால் விலகல் ஒரு பிக்சலில் இருபதில் ஒரு பங்கு. அதாவது இரண்டும் ஒரே படம். 10 மீட்டர் தள்ளினால் 8 பிக்சல். 100 மீட்டர் தள்ளினால் 80. 200 மீட்டருக்கு 160.

இதையே ஆழத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். 10 மீட்டர் இடைவெளியில் ஒரு பிக்சல் வித்தியாசம் வர வேண்டுமென்றால் மின்னலின் ஒரு வளைவு இன்னொன்றைவிட 600 மீட்டருக்கு மேல் முன்னாலோ பின்னாலோ இருக்க வேண்டும். மின்னல் கோடே படத்தில் ஐந்தாறு பிக்சல் தடிமனுக்குக் கசிந்து தெரியும், அதில் ஒரு பிக்சலை எங்கே தேடுவது? 200 மீட்டர் இடைவெளியில் அதே ஒரு பிக்சலுக்கு 31 மீட்டர் போதும். அப்போதுதான் கிளைகளின் நெளிவும் தனித்தனியாகத் தெரியும். மொட்டைமாடியின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று வைத்துவிட்டு ஆழமே வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போங்கள்.

அதற்காக வரம்பில்லாமல் தள்ளவும் கூடாது. இரண்டு படமும் ரொம்ப வேறுபட்டால் மூளை அவற்றை ஒன்றாகச் சேர்க்காது, இரட்டையாகத்தான் காட்டும். இப்படிக் கண்ணுக்கொன்றாக ஜோடிப் படம், அதாவது ஸ்டீரியோ படம், எடுப்பவர்களிடம் முப்பதில் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு: படத்தில் மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தை 30ஆல் வகுத்தால் வருவது கேமராக்களின் இடைவெளி. மின்னலுக்கு இது 24 மி.மீ. லென்ஸில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 3 கி.மீ. தூரத்துக்கு 100 மீட்டர், 5 கி.மீ. தூரத்துக்கு 170 மீட்டர். விலகல் படத்தின் அகலத்தில் இரண்டு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், கண்ணுக்குச் சுகமாக இருக்கும். துணிச்சலாக இருபதில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் எனக்குச் சரிப்படவில்லை, பார்க்கும்போது கண் இழுக்கிறது.

லென்ஸ் நீண்டால் இந்தக் கணக்கு மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் எல்லாமே இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது, விலகலும் சேர்ந்துதான் பெரிதாகிறது. அதனால் அறுபதில் ஒரு பங்கு போதும். இதில் ஒரு வசதி இருக்கிறது. 5 கி.மீ. தூர மின்னலுக்கு 24 மி.மீ. லென்ஸில் 170 மீட்டர், 10 கி.மீ. தூர மின்னலுக்கு 50 மி.மீ. லென்ஸிலும் அதே 170 மீட்டர். மழைமேகம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், கேமராக்களை இடம் மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம். லென்ஸ் மாற்றுவதென்றால் இடி கேட்காத தூரத்தில் மேகம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இருப்பதோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே கோட்டில் முதல் கேமராவிலிருந்து 60 மீட்டரில் ஒன்று, 200 மீட்டரில் ஒன்று என்று வைத்தால் 60, 140, 200 என்று மூன்று இடைவெளி கிடைக்கும். மின்னல் எங்கே விழுந்தாலும் ஒரு ஜோடி பொருந்தும்.

தூரத்தைத் தெரிந்துகொள்ள நம்மிடம் இடி இருக்கிறதே. வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வரும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முன்கூட்டியே திட்டமிட பிளிட்சோர்டுங் போன்ற நேரடி மின்னல் வரைபடங்கள் உதவும். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அவற்றில் பத்து நிமிடம் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயம், இரண்டு கேமராவையும் சேர்க்கும் கோடு மின்னல் வரும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். 45 பாகை சாய்வாக வந்தால் 170 மீட்டர் இடைவெளி 120 மீட்டராகச் சுருங்கிவிடும், 60 பாகையில் பாதியாகிவிடும். மின்னல் அந்தக் கோட்டின் நேரிலேயே விழுந்தால் ஆழம் சுத்தமாக இல்லை. சாய்வாக வரும்போது ஒரு கேமரா மின்னலுக்குக் கொஞ்சம் அருகில் போய்விடுவதால் இரண்டு படத்திலும் அளவும் மாறும். அதனால் மேகம் வரும் பக்கத்தைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேகத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

முன்புறத்தில் எதுவும் இருக்கக் கூடாது. சாதாரண மின்னல் படத்துக்கு ஒரு மரமோ கோபுரமோ முன்னால் இருந்தால் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 170 மீட்டர் இடைவெளியில் 50 மீட்டர் தூரத்து மரம் ஒரு படத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. ஐந்து கிலோமீட்டருக்குள் எதுவும் சட்டகத்தில் வராத இடம் வேண்டும்: நீர்ப்பரப்பின் கரை, திறந்த வயல்வெளியின் ஓரம், உயரமான இரண்டு கட்டடங்களின் மேல்தள ஜன்னல்கள். ஜன்னல்கள்தான் எனக்குப் பிடித்தவை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இவ்வளவு இடைவெளியில் எடுத்த ஜோடியைப் பார்க்கும்போது ஒரு அதிசயம் நடக்கும். கண்கள் 170 மீட்டர் அகன்ற ஒரு ராட்சதனின் பார்வை அது. நம் கண் இடைவெளியைவிட 2600 மடங்கு அதிகம் என்பதால் உலகம் அத்தனை மடங்கு சிறுத்துத் தெரியும். 5 கி.மீ. தூரத்து மின்னல் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பது போல அறைக்குள் தொங்கும்.

வெளியே போகும் முன்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். இடி காதில் விழுகிறது என்றால் அடுத்த மின்னல் உங்கள் மேல் விழக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கி.மீ.க்கு அப்பாலும், தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதும் மின்னல் விழும். கேமராதான் வெளியே நிற்க வேண்டும், நீங்கள் நிற்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரை உள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டோ இருங்கள். ஜன்னல்கள் எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம். ட்ரைபாட் கார்பன் ஃபைபர் என்பதால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள், கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை கேமரா பக்கம் போகாதீர்கள்.

இரண்டு கேமரா என்பதால் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. ஒன்றைச் சரிபார்த்துவிட்டு மற்றதைச் சரிபார்க்க 170 மீட்டர் திறந்தவெளியில் நடக்கத் தோன்றும். நடக்காதீர்கள். ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு கார், அல்லது ஆளுக்கொரு ஜன்னல் என்று இரண்டு பேர் இருப்பதுதான் சரி. ஒருவர்தான் என்றால் மேகம் வருவதற்கு வெகு முன்பே இரண்டையும் ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். இரண்டு கேமராவையும் ஒயர் இழுத்து இணைக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட அவ்வளவு நீளமான ஒயரில் பெரும் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். மேலே சொன்னபடி ஒயருக்குத் தேவையே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், ஸ்டீரியோவுக்கு நல்ல படம் தருவதும் தள்ளி இருக்கும் மின்னல்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் மேகத்தின் அடிப்பகுதியிலிருந்து தரை வரை முழுத் தடமும் 50 மி.மீ. லென்ஸில் அடங்கிவிடும். பக்கத்தில் விழுவது அகன்ற லென்ஸிலும் அடங்காது, விலகலும் எல்லை மீறிப்போகும்.

கேமராவில் என்னென்ன வைப்பது

மின்னல் கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்ணில் சொல்வது) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளியுணர்திறன்) மட்டும்தான். எக்ஸ்போஷரை 5 நொடியிலிருந்து 20 நொடியாக்கினாலும் மின்னல் பிரகாசமாகாது, பின்னணி வானம்தான் வெளுக்கும். ஏனென்றால் மின்னல் ஒளிர்ந்த நேரம் அப்படியேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஐஎஸ்ஓ 100, 5 கி.மீ. சுற்றளவில் எஃப் 8 அல்லது 11, 10 கி.மீ.க்கு மேல் எஃப் 5.6 என்று தொடங்குங்கள். ஸ்டீரியோவில் நான் எப்போதும் ஒரு படி இருட்டாகவே எடுப்பேன். அதிக வெளிச்சத்தில் முதன்மைத் தடம் வெள்ளைப் பட்டையாக ஊதிப்போய், ஓரங்கள் கசிந்து, எந்தப் புள்ளி எதற்கு ஜோடி என்று தெரியாமல் போய்விடும். ஆழத்தைச் சொல்வது தடத்தின் சின்னச் சின்ன முறிவுகளும் மெல்லிய கிளைகளும்தான், அவை தெளிவாகப் பதிய வேண்டும்.

எக்ஸ்போஷர் 5 முதல் 10 நொடி. மின்னல் மழையாகக் கொட்டும்போது இன்னும் குறையுங்கள். ஒரு படத்தில் ஒரு மின்னல் இருந்தால் ஜோடி சேர்ப்பது சுலபம், நான்கு மின்னல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் தலைவலி.

ஃபோகஸை மேனுவலில் போட்டு, தொலைவில் தெரியும் ஒரு விளக்கைத் திரையில் பெரிதாக்கிக் கூர்மையாக்கி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஜூம் வளையத்துக்கும் டேப். ஆட்டம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், கோப்பு ரா வடிவத்தில் (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலப்பதிவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டிலும் ஒரே எண்ணில். இரண்டும் ஒரே மாடல் கேமராவாக இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டாலும் பிறகு அளவைச் சரிசெய்துகொள்ளலாம். மழைத்துளி விழாமல் லென்ஸ் ஹூடும், கேமராவுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டால் சரி.

பகலில் ஷட்டரைத் திறந்துபோட முடியாது. மின்னல் வெளிச்சத்தைக் கண்டதும் ஷட்டரைத் தட்டிவிடும் மின்னல் ட்ரிகர் கருவிகள் இருக்கின்றன, ஒற்றைக் கேமராவுக்கு நல்லவை. ஆனால் ட்ரிகர் தட்டியதும் ஒவ்வொரு கேமராவும் ஷட்டரைத் திறக்க எடுக்கும் நேரம் வேறு வேறு, ஒன்றில் மின்னல் இருக்கும் இன்னொன்றில் வெறும் மேகம் இருக்கும். பகலுக்கு வீடியோதான் என் தேர்வு. இரண்டு போன்கள்கூடப் போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு ஓடவிடுங்கள். போன் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் ஒரு ஃப்ரேமில் மின்னலின் கீழ்ப்பாதியும் அடுத்த ஃப்ரேமில் மேல்பாதியும் இருப்பது சகஜம். அந்த ஃப்ரேம்களை எடிட்டரில் அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் அதிகப் பிரகாசமானதை மட்டும் வைக்கச் சொன்னால் முழு மின்னல் வந்துவிடும். இரண்டு வீடியோவையும் பொருத்தும்போது இடிச் சத்தத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். 170 மீட்டரைச் சத்தம் கடக்க அரை நொடி ஆகும், சாய்வாக வரும் இடி இரண்டு போனையும் வேறு வேறு நேரத்தில்தான் எட்டும். மின்னலின் துடிப்பை வைத்துப் பொருத்துங்கள்: பளிச், சிறு இடைவெளி, பளிச் பளிச். ஒவ்வொரு மின்னலுக்கும் அந்தத் தாளம் தனி.

குறி வைப்பது

தொடுவானத்தில், எவ்வளவு தூரத்தில் முடியுமோ அவ்வளவு தூரத்தில், ஒரு கோபுர விளக்கைத் தேர்ந்தெடுத்து இரண்டு கேமராவிலும் நட்டநடுவில் வையுங்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டும் இணையாகத்தான் நோக்க வேண்டும், ஒரே புள்ளியை நோக்கினால் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கும், அதனால் படத்தின் மூலைகளில் மேல்கீழாகக் கொஞ்சம் பிசகும். 10 கி.மீ. தூரத்து விளக்கு என்றால் அந்தத் திருப்பம் ஒரு பாகைதான், மென்பொருள் சரிசெய்துவிடும். மட்டத்தை மட்டும் அசட்டை செய்யாதீர்கள், இரண்டிலும் தொடுவானம் நேராக இருக்கட்டும். இரண்டு இடமும் ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. சில மீட்டர் வித்தியாசம் இருந்தால் பிறகு இரண்டு படத்தையும் அதே சாய்வுக்குச் சுழற்றிச் சமாளிக்கலாம்.

சட்டகத்தின் கீழே ஒரு பட்டையளவு தொடுவானம் கட்டாயம் இருக்க வேண்டும், அதில் மூன்று நான்கு தூரத்து விளக்குகள் தெரிய வேண்டும். வெறும் வானத்தை மட்டும் எடுத்தால் வீட்டில் இரண்டு படத்தையும் எதை வைத்துப் பொருத்துவது என்று விழிக்க வேண்டிவரும். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே, கேமராவை அசைக்காமல், இரண்டிலிருந்தும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தெரியாத மலைமுகடும் கட்டட விளிம்பும் அதில் இருக்கும், பொருத்துவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அப்புறம், போனில் நொடிமுள் காட்டும் கடிகாரத்தை இரண்டு கேமராவாலும் ஒருமுறை படம் எடுங்கள். கேமரா கடிகாரங்கள் எவ்வளவு பிசகியிருந்தாலும் எந்தப் படம் எதற்கு ஜோடி என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டு இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து சேர்ப்பது

ஜோடிகளைப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி ரா திருத்தம் கொடுத்து, லென்ஸ் வளைவைச் சரிசெய்து, ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். தானாகப் பொருத்தும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் இருட்டுப் படத்தில் அது மின்னலையே அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடும், அப்போது நாம் பாடுபட்டுக் கொண்டுவந்த விலகலில் கொஞ்சம் காணாமல் போகும். அந்திப் படத்தின் தொடுவானத்தை வைத்துப் பொருத்தி, அதே சுழற்சியையும் நகர்த்தலையும் மின்னல் ஜோடிக்கும் கொடுங்கள். பிறகு தடத்தில் ஏழெட்டு முறிவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் இரண்டு படத்திலும் ஒரே வரி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்கீழ்ப் பிசகு கண்ணுக்கு ஆகாது, இரண்டு மூன்று பிக்சலுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். முன்னால் இருக்க வேண்டியது பின்னால் போனால் இடது வலது மாறிவிட்டது, மாற்றிப் போடுங்கள்.

அடுத்து, இரண்டு படத்தையும் பக்கவாட்டில் நகர்த்தி, மிக அருகில் இருக்கும் கிளை திரையின் மட்டத்திலோ சற்று உள்ளேயோ இருக்குமாறு வையுங்கள். மிகத் தூரத்தில் இருக்கும் புள்ளியின் விலகல், நீங்கள் பார்க்கப்போகும் திரையில் 6.5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும், அது நம்மால் முடியாது. போன் திரையில் இந்தக் கவலை இல்லை, புரொஜெக்டரில் போட்டால் உண்டு.

பார்ப்பதற்கு விஆர் ஹெட்செட்டுக்கு நிகர் வேறில்லை, சுற்றிலும் இருட்டு என்பதால் மின்னலுக்கென்றே செய்தது போல இருக்கும். சிவப்பு–நீலக் கண்ணாடியில் பார்க்கும் அனாகிளிஃப் செய்வதென்றால் ஒரு சிக்கல்: கன்னங்கரிய பின்னணியில் வெண்ணிறக் கோடு என்றால் கண்ணாடி அதை முழுதாக வடிகட்டாது, ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் ஒரு ஆவி நிற்கும். படத்தைச் சாம்பல் நிறமாக்கி, கருப்பைக் கொஞ்சம் உயர்த்தி, வெள்ளையைக் கொஞ்சம் இறக்கினால் ஆவி பெரும்பாலும் போய்விடும்.

சில மின்னல்கள் ஆழம் தராது. மேகத்துக்குள்ளேயே வெட்டி மேகத்தை மட்டும் ஒளிரவைப்பதற்குக் கூர்மையான விளிம்பு கிடையாது, பொருத்த ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. தடத்தின் ஒரு பகுதி தொடுவானத்துக்கு இணையாக, நம் கேமராக் கோட்டின் திசையிலேயே ஓடினால், அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே வரியில் இருக்கும். இடது படத்தின் இந்தப் புள்ளிக்கு வலது படத்தில் எது ஜோடி? எதுவாகவும் இருக்கலாம். அந்தத் துண்டில் முறிவு ஏதாவது இருந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் வேறொரு உயரத்தில் வைத்த மூன்றாவது கேமரா ஒன்றுதான் வழி.

தூரத்தை அளக்கவும் செய்யலாம்

குறித்து வைத்த 4000 இங்கே மறுபடி வருகிறது. தொடுவானத்துக்கும் அப்பால் இருப்பதற்கு விலகல் பூஜ்யம் வருமாறு பொருத்தியிருந்தால், தூரம் என்பது 4000ஐ இடைவெளியால் பெருக்கி விலகலால் வகுப்பதுதான். 170 மீட்டர் இடைவெளியில் ஒரு முறிவு 133 பிக்சல் விலகியிருந்தால் அது 5113 மீட்டரில் இருக்கிறது. அதே மின்னலின் இன்னொரு கிளைநுனி 120 பிக்சல் விலகியிருந்தால் 5667 மீட்டர், அதாவது அரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்னால். உயரமும் கிடைக்கும்: முதல் முறிவு தொடுவானத்துக்கு மேலே 1200 பிக்சல் என்றால், 1200ஐ 5113ஆல் பெருக்கி 4000ஆல் வகுக்க, ஏறக்குறைய 1530 மீட்டர். இப்படி ஐம்பது அறுபது புள்ளிகளைக் கணக்கிட்டு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு வளைகோடாக இணைத்தால், மின்னலைச் சுற்றிவந்து எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்.

கணக்கு சரிதானா என்று பார்க்க இடியையே கேட்கலாம். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 5113 மீட்டருக்கு 15 நொடி. முதலில் காதுக்கு வருவது தடத்தின் மிக அருகிலான பகுதியின் சத்தம், உறுமல் நீளுவது பின்னால் இருக்கும் பகுதிகளின் சத்தம் ஒவ்வொன்றாக வந்து சேர்வதால். ஐந்து நொடி உறுமினால் தடத்தின் அருகிலான முனைக்கும் தூரத்து முனைக்கும் குறைந்தது ஒன்றரைக் கிலோமீட்டராவது வித்தியாசம் இருக்க வாய்ப்பிருக்கிறது, மலையோ கட்டடமோ எதிரொலிக்காத இடம் என்றால். கேமராக்களில் ஒன்றின் பக்கத்தில் ஒரு போனை வீடியோவில் ஓடவிட்டிருந்தால் இதை நிதானமாக அளந்துகொள்ளலாம். உங்கள் கணக்கில் வந்த ஆழம் இடி சொல்வதோடு ஒத்துவராவிட்டால், பெரும்பாலும் பொருத்தும்போது பூஜ்யம் சரியாக விழவில்லை, அந்திப் படத்துக்குத் திரும்பிப்போய் இன்னும் தூரத்து அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள்.

பொருத்தி முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்புகளை அழித்துவிடாதீர்கள். இரண்டு ரா கோப்பு, அந்தி நேர ஜோடி, கடிகாரப் படம், ஜிபிஎஸ் புள்ளிகள், லென்ஸின் குவிநீளம் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால், பின்னால் நல்ல மென்பொருள் வரும்போது அதே மின்னலைத் திரும்ப அளக்கலாம்.